இலா பட் அம்மையார்

உழைப்பின்றி உலகம் இல்லை. ஆயின், உழைப்போர் அனைவரும் தொழிலாளர் என மதிக்கப்படுகின்றனரா? ஆலைகளிற் பணிபுரிவோர்க்கு வரையறுத்த ஊதியம் உண்டு, விடுமுறை உண்டு, குறை நேரின் முறையிடச் சங்கம் உண்டு. தலையிற் சுமை தூக்கியும், தெருவோரத்தில் காய்கறி விற்றும், வீட்டிலிருந்தே துணி தைத்தும் வயிறு வளர்க்கும் ஏழை மகளிர்க்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர்களும் தொழிலாளரே என்பதை நிலைநாட்டத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் இலா பட் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1933 ஆம் ஆண்டு அகமதாபாத் நகரிற் பிறந்தார். சட்டம் பயின்று, 1955 இல் அந்நகரின் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்திற் பணியேற்றார். அது காந்தியடிகளின் வழிகாட்டலால் 1920 இல் தோன்றிய சங்கமாகும். பின்னர் அதன் மகளிர் பிரிவுக்கு அம்மையார் தலைமை தாங்கினார்.

1971 ஆம் ஆண்டில் துணிச் சந்தையில் மூட்டை சுமக்கும் பெண்கள் தம் துயரை அவரிடம் உரைத்தனர். அவர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்பது கூலி. எத்தனை நடை சுமந்தனர் என்பதற்குக் கணக்கு இல்லாமையால், உரிய கூலி கிடைக்கவில்லை. அம்மையார் இதனை நாளிதழில் எழுதினார். வணிகர்கள், தாம் தக்க கூலியே தருவதாகக் கூறி மறுப்பு வெளியிட்டனர். அம்மறுப்பையே அட்டைகளில் அச்சிட்டு அப்பெண்களிடம் வழங்கச் செய்தார் அம்மையார். வணிகரின் சொல்லே பெண்களின் கைக்கருவி ஆயிற்று.

இவ்வாறு ஒன்றுகூடிய மகளிர்க்கு ஒரு சங்கம் அமைந்தது. 'சேவா' என்பது அதன் சுருக்கப் பெயர். அதனைப் பதிவு செய்யத் தொழிலாளர் துறையினர் தயங்கினர். முதலாளி இல்லாதார் யாரை எதிர்த்துப் போராடுவர் என்பது அவர்தம் வினா. சங்கம் பிறரை எதிர்ப்பதற்கு மட்டும் அன்று. உழைப்போர் தம்முள் ஒன்றுபடுவதற்கும் ஆம் என அம்மையார் வாதிட்டார். 1972 ஏப்ரல் திங்களிற் சங்கம் பதிவாயிற்று.

கொடுவட்டி அம்மகளிரின் மற்றொரு பகை. எழுதப் படிக்க அறியாத அவர்களுக்கு வங்கிகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. ஆதலின் 1974 இல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் செலுத்தித் தமக்கெனக் கூட்டுறவு வங்கி ஒன்றைத் தொடங்கினர். வாடகை வண்டி இழுத்தவள் சொந்த வண்டி வாங்க வழி பிறந்தது.

வீட்டிலிருந்து தொழில் செய்வோர்க்கும் ஏனையோரைப் போன்றே உரிமை வேண்டும் என்னும் குரல் கடல் கடந்தது. சேவாவும் பிறநாட்டுச் சங்கங்களும் முயன்றதன் பயனாக, 1996 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. எனினும் அதனை ஏற்று உறுதி செய்த நாடுகள் சிலவே. இந்தியாவும் இன்னும் உறுதி செய்யவில்லை. அம்மையார் தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மகசேசே விருது, பத்மபூஷண் முதலிய சிறப்புகளைப் பெற்ற அம்மையார் 2022 ஆம் ஆண்டு மறைந்தார். நம் வீட்டு வாயிலிற் கீரைக் கூடையை இறக்கிவைக்கும் மூதாட்டியும் ஒரு தொழிலாளியே. அவரிடம் விலை பேசும்போது இதனை நினைவிற் கொள்வது, அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.