கத்தி பட்ட உடம்பு

நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் நடந்தவர், மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்து தஞ்சாவூரிலிருந்து ஊர் திரும்புகிறார். அன்றிலிருந்து திண்ணைதான் உலகம். “கத்தி பட்ட உடம்பு, அலட்டிக்காதே” என்கிறார்கள் வீட்டில். பாசம்தான். ஆனால் அந்தப் பாசம்தான் அவரை முடக்குகிறது.

நம்பிக்கை: அக்குளில் நெறிக்கட்டி எடுத்த கையால் குடம்கூடத் தூக்கக் கூடாது, வீங்கிவிடும்.

உண்மை: வீக்க அபாயம் இருப்பது நிஜம். நெறிக்கட்டிகளை எடுத்தபின் கையில் நிணநீர் வடிய வழி குறைகிறது. அதற்கு மருந்து கையை முடக்கி வைப்பதல்ல. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை அமெரிக்காவில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் வாரம் இருமுறை, மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கச் செய்தார்கள். 2009-இல் முடிவு வந்தது: அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை; திடீரென முற்றுவதும் குறைந்திருந்தது. அதற்காக முதல் நாளே தவலையைத் தூக்க வேண்டாம். டாக்டரைக் கேட்டு, அரைச் செம்புத் தண்ணீரில் தொடங்கலாம். நான் பயப்படச் சொல்வது கதிர் அரிவாள் கீறலுக்குத்தான். கிருமி புகுந்தால் அந்தக் கை சட்டென்று வீங்கும்.

நம்பிக்கை: புகையிலையை விட்டாச்சு, வெறும் வெற்றிலை பாக்கு தப்பில்லை.

உண்மை: கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். குற்றவாளி பாக்கு. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே அறிவித்துவிட்டது. வாய்ப்புற்றிலிருந்து மீண்டவர் கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்ளட்டும், போட வேண்டாம்.

நம்பிக்கை: நட, நல்லதாகச் சாப்பிடு என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

உண்மை: பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், பல ஆண்டுகள் கவனித்தார்கள். பாதிப் பேருக்குக் கையேடு மட்டும். மீதிப் பேருக்கு மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சியாளர் துணை. உடற்பயிற்சி என்றால் வேகநடை போன்றவைதான். ஐந்து ஆண்டு கழித்து நோயின்றி இருந்தவர்கள் கையேட்டுப் பிரிவில் 74 சதவீதம், பயிற்சியாளர் பிரிவில் 80 என்று 2025-இல் அறிவித்தார்கள்.

நம்மூரில் பயிற்சியாளருக்கு எங்கே போவது? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுப் படியேறும் தன்னார்வலர் இருக்கிறார். பிசியோதெரபியும் அதில் உண்டு, கேட்டு வாங்குங்கள். மற்ற நாட்களில், வெயில் ஏறுமுன் வாய்க்கால் கரையில் கூட நடக்க ஓரகத்தியைக் கூப்பிடலாம். அவருக்கும் சுகர் இருக்கத்தான் செய்யும்.