கிரிப்டோ: கையைச் சுடும் நம்பிக்கைகள்

கிரிப்டோவில் பணம் விட்டவர்களைக் கேட்டால் ‘மார்க்கெட் விழுந்துடுச்சு’ என்பார்கள். விழுந்தது உண்மைதான். 2021 நவம்பரில் 69,000 டாலர்வரை போன பிட்காயின், ஓராண்டில் 16,000-க்கும் கீழே இறங்கியது. ஆனால் 2024 டிசம்பரில் அதே பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியபோதும் பலருக்கு விட்ட பணம் திரும்பவில்லை. விலையைக் காட்டிலும், போடாமல் விட்ட கணக்குதான் அவர்களைக் கவிழ்த்தது.

“ஒரு பைசாகூடப் பெறாத காயின். ஒரு ரூபாய் ஆனாலே கோடீஸ்வரன்!”

ஷிபா இனு என்ற காயினை இப்படித்தான் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். புழக்கத்தில் இருப்பவை சுமார் 589 லட்சம் கோடி காயின்கள். ஒன்று ஒரு ரூபாய் என்றால் மொத்த மதிப்பு 589 லட்சம் கோடி ரூபாய். 2024-25-ல் இந்தியாவின் ஓராண்டு மொத்த உற்பத்தியே ஏறக்குறைய 330 லட்சம் கோடிதான். ஒரு நாய்ப்படக் காயினுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? விலை சின்னதாக இருப்பதாலேயே ஒன்று மலிவாகிவிடாது. எத்தனை காயின் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

“90 சதவீதம் விழுந்தாச்சு, இனி விழ இடமில்லை.”

100 ரூபாய்க் காயினை 10 ரூபாயில் வாங்குகிறீர்கள். அது 1 ரூபாய்க்கு வந்தால் உங்கள் பணத்திலும் 90 சதவீதம் காலி. 2022 ஏப்ரலில் 119 டாலர்வரை போன லூனா காயினை, மே மாதச் சரிவில் ‘டிப்’ என்று வாங்கியவர்களுக்கு இதுதான் நடந்தது. ஒரு டாலரிலேயே நிற்கும் என்று சொல்லப்பட்ட அதன் ஜோடிக் காயின் யுஎஸ்டி (UST) நழுவ, அதைத் தாங்கப் புதிய லூனாக்கள் அச்சடிக்கப்பட்டன. சுமார் 35 கோடியாக இருந்த எண்ணிக்கை சில நாட்களில் 6 லட்சம் கோடியைத் தாண்டியது. அதற்குப் பிறகு, இறங்கிய விலையில் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்து என்ன பயன்?

“லாபத்தில் நஷ்டத்தைக் கழித்துவிட்டு வரி கட்டலாம்.”

பங்குச்சந்தைப் பழக்கத்தில் வரும் நினைப்பு இது. கிரிப்டோவுக்கு இது பொருந்தாது. பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், ஈதரில் ஒரு லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். கையில் நின்றது பூஜ்யம். ஆனால் அந்த லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31,200 ரூபாய் கட்டியாக வேண்டும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கவும் விடமாட்டார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். என்னைக் கேட்டால், இந்த ஒரு விதியே தினசரி டிரேடிங்கைச் சிறு முதலீட்டாளருக்குக் கட்டுப்படியாகாத தொழிலாக்கிவிடுகிறது.

“வரி வாங்குகிறார்கள் என்றால் அரசு பாதுகாப்பும் உண்டு.”

இல்லை. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு போன்ற எதுவும் இங்கே கிடையாது. 2024 ஜூலை 18-ல் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேல் தங்கள் காயின்களை எடுக்க முடியாமல் தவித்தார்கள். தன் காயின் திருடுபோகாதவரும் நஷ்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே எக்ஸ்ஆர்பி என்ற காயினை வைத்திருந்த ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அவர் அதற்காக நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

“பத்து மடங்கு லெவரேஜ் எடுத்தால் சீக்கிரம் மீட்டுவிடலாம்.”

லெவரேஜ் என்றால் கடன் வாங்கி, கைப்பணத்தைவிடப் பெரிய தொகைக்கு டிரேட் செய்வது. பத்து மடங்கு எடுத்த பிறகு விலை 10 சதவீதம் எதிர்த்திசையில் போனால் போட்ட பணம் முழுக்கப் போய்விடும். கிரிப்டோவில் அது ஒரே ராத்திரியில் நடக்கும்.

“வரி கட்டாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?”

2022 ஜூலையிலிருந்து கிரிப்டோ விற்பனைக்கு 1 சதவீதம் டிடிஎஸ் உண்டு. எக்ஸ்சேஞ்ச் பிடித்த தொகை உங்கள் பான் எண்ணோடு படிவம் 26ஏஎஸ்-ல் ஏறியிருக்கும். ரிட்டர்னில் கிரிப்டோ வருமானத்துக்கென்று தனி அட்டவணையும் இருக்கிறது. மறைக்கப் பார்க்காமல், நிரப்பிவிடுங்கள்.