‘நான்’ ‘அவன்’ ஆகும் இடம்

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை முதல்முறை எடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. பாதியிலேயே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான், ஊர் சுற்றுகிறான். கதை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்து அலுத்துப்போனது.

முப்பத்துநாலு வயதில், காய்ச்சலில் படுத்திருந்த நாலு நாளில் மறுபடி படித்தேன். அவசரம் இல்லாததாலோ என்னவோ, இந்தமுறை புத்தகம் என்னை உள்ளே விட்டது. 1947ஐ ஒட்டிய ஹைதராபாத். அதை ஆளும் நிஜாம் இந்தியாவோடு இணைய மறுக்கிறார், அவரை ஆதரிக்கும் ரஜாக்கர் படையினர் தெருவில் இறங்குகிறார்கள், காந்தி கொல்லப்படுகிறார், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. இதெல்லாம் அந்தப் பையனுக்குச் செய்தியாக வருவதில்லை. கூட ஆடியவர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் இருந்த சகஜம் மெல்லக் கெட்டுப்போவதாகத்தான் வருகிறது. கிரிக்கெட் பக்கங்களைத் தாண்டிப் போகிறவருக்கு அந்த இழப்பு எட்டவே எட்டாது. எனக்குப் பதினேழில் நேர்ந்தது அதுதான்.

இன்னொன்று, இதைப் படிக்கக் கையில் பென்சில் வேண்டும். இந்த நாவல் ‘நான்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று ‘சந்திரசேகரன்’, ‘அவன்’ என்று மாறும். பிறகு திரும்பவும் ‘நான்’. மாறும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். புள்ளி வைத்த பக்கங்களை அப்புறம் தனியாகத் திருப்பிப் படித்தபோதுதான், ஒரு பையன் தன்னையே தள்ளி நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று பிடிபட்டது. வளரும் வயதை மனசுக்குள்ளிருந்து எழுதியவர்களில் இதை இவ்வளவு அடக்கமாகச் செய்தவர் வேறு யாரையும் நான் தமிழில் படித்ததில்லை.

போன மாதம் பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகளிடம் அதே பிரதியைக் கொடுத்தேன். சரித்திரப் பின்னணி எதையும் சொல்லவில்லை. சொன்னால் பாடப்புத்தகம் ஆகிவிடும். மூன்றாம் நாள் போன் வந்தது.

“அத்தை, இவன் ஏன் திடீர்னு ‘அவன்’ ஆயிடறான்?”

“உனக்கு அப்படி ஆனதே இல்லையா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “ஆயிருக்கு. பத்தாவது ரிசல்ட் அன்னிக்கு. எல்லாரும் பேசறாங்க, நான் எங்கேயோ மேலேருந்து என்னையே பார்த்துட்டு இருந்தேன்.”

நான் எதுவும் விளக்கவில்லை. புத்தகம் கொடுத்தவர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது. முன்பு ஒரு தோழிக்கு விளக்கி விளக்கியே இதே நாவலைக் கெடுத்திருக்கிறேன்.

நாவலின் கடைசியில், கலவரத்துக்கு நடுவே சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய் நிற்கிறான். அவனைப் பார்த்துப் பயந்துபோன ஒரு பெண், தன் வீட்டாரைக் காப்பாற்ற ஒன்று செய்கிறாள். அவன் ஓடுகிறான். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு நான் வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

அண்ணன் மகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. தினமும் பக்க எண் மட்டும் மெசேஜில் வருகிறது. இப்போதெல்லாம் இரவில் போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.