மானின் காது: பாடஞ் செய்யும் முறை

உயிர் நீங்கிய விலங்கின் தோலை, அது வாழ்ந்த காலத்து உருவந் தோன்ற அமைத்து நிறுத்துதலை மேலைநாட்டார் ‘டாக்சிடெர்மி’ என்பர். ஒழுங்கு, தோல் எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்தமைந்த பெயர் அது. தமிழிற் ‘பாடஞ் செய்தல்’ என்கிறோம். புகையிலையைப் பாடம் போடும் நம் கமக்காரர் இச்சொல்லை நன்கறிவர். கெடும் பொருளைக் கெடாது பக்குவப்படுத்தலே ஈரிடத்தும் கருத்து.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெண்வால் மானை உத்தரவு பெற்று வேட்டையாடுவோருட் சிலர், அதன் தலையைத் தாமே பாடஞ் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அவர்கட்கு மிக்க தொல்லை தருவது கொம்பன்று, காதே. கொம்பு எளிதிற் கெடாது. கண்ணைக் கண்ணாடியாற் செய்து விற்கின்றனர். காதோ விரைவில் அழுகும். அழுகாது தப்பினாலும் காயும்போது சுருங்கி உருக்குலையும்.

இதற்குக் காரணம் காதின் அமைப்பே. முன்புறத்தோல், பின்புறத்தோல் ஆகிய இரண்டிற்கும் நடுவே குருத்தெலும்புத் தகடொன்று கிடக்கின்றது. (நம் பாடநூல்கள் இதனைக் கசியிழையம் என்னும், எனக்கு ஊர்வழக்கே உவப்பு.) பின்புறத்தோல் தகட்டிலிருந்து எளிதிற் பிரியும், முன்புறத்தோல் இறுகப் பற்றியிருக்கும். தலைத்தோலை உரித்தவுடன் உப்பிடுதல் வேண்டும். ஆனால், காதைப் புரட்டாது மேலே உப்பைத் தூவினால், தகட்டுக்கும் தோலுக்கும் இடையிலுள்ள ஈரத்தை அது எட்டாது. அங்கே பற்றீரியாக்கள் பெருகும். மயிர் கொத்துக்கொத்தாகக் கழன்றுவிடும். கழன்ற மயிரை மீண்டும் முளைப்பிக்க எவராலும் இயலாது.

ஆகவே, மழுங்கிய கோலொன்றைக் காதின் அடியிலிருந்து பின்புறத்தோலுக்கும் தகட்டுக்கும் இடையே செலுத்தி, சிறிது சிறிதாகப் பிரித்துக்கொண்டு நுனிவரை செல்வர். பிடியை நெருக்கும்போது வாய் விரியும் குறடொன்றும் இதற்கென உண்டு. கூரிய கத்தி ஆகாது. ஓரத்திலே தோல் மிக மெல்லியது. அங்கே கிழிந்தால் தைத்தாலுந் தெரியும். ஓரமெங்கும் பிரிந்தபின், காலுறையைப் புரட்டுமாப்போலக் காதைப் புரட்டிப் பொடியுப்பை அழுத்தித் தேய்ப்பர். கல்லுப்பு மடிப்புகளுட் புகாது. ஒருநாட் சென்றதும் நீரூறிய உப்பை உதறிவிட்டுப் புதிய உப்பிடுவர். பின்னர் நிகழும் பதனிடுதல் மற்றைத் தோல்களுக்கும் பொதுவாகலின் இங்கு விரித்திலேன்.

குருத்தெலும்பின் பெரும்பகுதி நீர். அந்நீர் வற்றினால் தகடு சுருளும். காது வாடிய வெற்றிலைபோலாகும். ஆதலின் தகட்டை நீக்கிவிட்டு, அதே வடிவான வேறொன்றை உள்ளே வைப்பர். முன்னாளில் ஈயத்தகடும் கடதாசிக்கூழும் இதற்குப் பயன்பட்டன. இன்று பிளாத்திக்குத் தகடு விலைக்குக் கிடைக்கின்றது. வேறு சிலர், மோட்டார் வண்டியின் நசுங்கலை நிரப்பும் பசையை உள்ளிட்டு விரலால் உருவமைப்பர். அது சில நிமிடங்களில் இறுகிவிடுமாதலாற் பழகாதவர்க்குத் தகடே ஏற்றது என்பேன். தகடு வைப்பதாயினும் பசை எங்கும் ஒருசீராகப் பரவல் வேண்டும். பரவாவிடின், காயுங்காலத்துப் பள்ளமான இடங்களிலே தோல் தகட்டை விட்டெழுந்து பறைத்தோல்போல் விறைத்து நிற்கும். அமெரிக்கரும் இக்குற்றத்துக்கு முரசின் பெயரையே இட்டிருக்கின்றனர்! இதனைத் தடுக்க இருபுறமும் மட்டைத்துண்டுகளை வைத்து இறுக்கி, முதல் வாரம் நாடோறும் விரலால் அமுக்கிப் பார்ப்பர்.

இத்தனையுஞ் செய்தபின் காது எத்திசை நோக்குதல் வேண்டும்? மான் ஒவ்வொரு காதையுந் தனித்தனியே திருப்பவல்லது. ஐயுற்று நோக்கும்போது இரண்டும் முன்னோக்கும். சினந்து மோதவரும் கலை அவற்றைப் பின்னே மடிக்கும். கண் மிரள விழித்திருக்கக் காது சோர்ந்து கிடந்தால், அஃது உயிருள்ள மானாகத் தோன்றுமா? இதனை நன்குணர்ந்தவர் கார்ல் ஏக்லி (1864–1926). வைக்கோல் திணிக்கும் பழைய வழக்கை விட்டு, தசைகளைக் களிமண்ணால் வனைந்து, அதிலிருந்து அச்செடுத்த உருவின்மேல் தோலைப் போர்த்தும் முறையை வளர்த்தவர் அவரே. நான்கு பருவங்களில் வெண்வால் மானைக் காட்டும் அவருடைய காட்சிகளைச் சிக்காகோவிலுள்ள பீல்ட் நூதனசாலையிற் காணலாம்.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. பூச்சி அரியாதிருக்க ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறம் பூசும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிற் பிரான்சிலே தோன்றி, 20ஆம் நூற்றாண்டிலும் நிலவியது. அந்நஞ்சு காலத்தால் அழிவதன்று. ஆய்கூட அலுமாரியிலோ பழைய பங்களாச் சுவரிலோ உள்ள மான் தலையை வெறுங்கையாற் றடவுதலும், அதன் தூசைத் தட்டுதலும் ஆகா.

இலங்கையில் மான்கள் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் காவலில் உள்ளன. ஆதலின் இக்கலையை மானிடத்துப் பழக நமக்கு இடமில்லை. காதின் இயக்கத்தைக் காண்பதற்கோ தடையேதுமில்லை. திருக்கோணேச்சரத்துக்குச் செல்லும் வழியில், பிரெட்ரிக் கோட்டையினுள்ளே புள்ளிமான்கள் மக்களுக்கு அஞ்சாது உலவுகின்றன. குறிப்பேட்டுடன் ஒருமணி நேரம் அங்கு நின்று, பின்னால் வண்டியொலி எழும்போது தலை திரும்புமுன் எந்தக் காது திரும்புகின்றதென எழுதிப் பார்க்கலாம்.