தண்ணீர் மாற்றிய மறுநாள் மீன்கள் ஏன் மடிகின்றன?

தேர்வு முடிந்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, தவணை முழுதும் தள்ளிப்போட்ட வேலைகளைச் செய்வதுதான். முதலாம் ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று நான் வீட்டு மீன்தொட்டியைக் கவனிக்கத் தொடங்கினேன். மாதக்கணக்கில் ஆவியான நீருக்கு ஈடாகக் கொஞ்சம் ஊற்றியதோடு சரி. அன்று முக்கால் பங்கு நீரை இறைத்தேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, தெளிந்த நீர் வரும்வரை பிழிந்து அலசினேன். குழாய்நீரை நிரப்பிக் குளோரின் நீக்கியும் விட்டேன். மாலையில் தொட்டி கண்ணாடிபோல் மின்னியது. மறுநாள் காலை 14 டெட்ராக்களில் 3 மட்டுமே நீந்திக்கொண்டிருந்தன.

"அழுக்குத் தண்ணியில நல்லாத்தானே இருந்துச்சு. நீ கழுவினதாலதான் செத்துச்சு," என்றார் அம்மா. அன்று எனக்குக் கோபம் வந்தது. பின்னர் படித்துப் பார்த்தபோது அம்மா சொன்னது ஏறக்குறைய சரி என்று புரிந்தது. மீன்களைக் கொன்றது அழுக்கு மட்டுமன்று. நான் அதை ஒரே நாளில் அகற்றிய முறையும்தான்.

பஞ்சில் வாழ்வோர்

மீன்கள் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகினாலும் அதே அம்மோனியா உண்டாகும். ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. முன்னிரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவது அத்தனை கொடியதன்று. நீர் மாற்றும்போது வெளியேறிவிடும். நைட்ரைட்டை மாற்றும் வேலையை நைட்ரோபாக்டர் செய்வதாகவே நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு படிகளையும் தானே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015இல் தெரியவந்தது.

நமக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான். இந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நீரில் மிதப்பதில்லை. பஞ்சிலும் சரளைக் கற்களிலும் ஒட்டி வாழ்கின்றன. ஆகவே நீரை மாற்றுவதால் அவை அதிகம் குறைவதில்லை. பஞ்சைக் குழாய்நீரில் அலசினால்தான் மடிகின்றன. குழாய்நீரில் கிருமிநாசினி இருப்பதே நுண்ணுயிர்களைக் கொல்லத்தானே! தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரிலேயே பஞ்சை இரண்டு முறை அமுக்கிவிட்டால் போதும். அது வெள்ளையாக வேண்டும் என்று எந்த மீனும் கேட்பதில்லை.

பழைய தொட்டியின் பொறி

நுண்ணுயிர்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகின்றது. நீரிலுள்ள கார்பனேட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் புதுநீர் சேராவிட்டால் கார்பனேட்டு தீர்ந்து, பி.எச். அளவு சரியத் தொடங்கும். வாளியில் மிஞ்சிக் கிடந்த என் பழைய நீரைப் பின்னர் சோதித்தபோது பி.எச். 6 காட்டியது. அந்த அளவில் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகிவிடும். அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும்.

பிறகு எப்படி மீன்கள் உயிரோடு இருந்தன? அமில நீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். இது செவுள் வழியாக எளிதில் உட்புகாது. 28 பாகை வெப்பத்தில் பி.எச். 6ஆக இருந்தால், மொத்தத்தில் 0.07 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவம். பி.எச். 8 ஆனால் அது 6.5 விழுக்காடு, கிட்டத்தட்ட நூறு மடங்கு! சிங்கப்பூர்க் குழாய்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது; பொதுவாக 8ஐ ஒட்டி இருக்கும். முக்கால் பங்கு நீரை மாற்றியபோது அம்மோனியாவிலும் முக்கால் பங்கு வெளியேறியது உண்மைதான். எஞ்சிய கால் பங்கோ பி.எச். உயர்ந்தவுடன், முன்பிருந்ததைவிட இருபது மடங்குக்கும் மேற்பட்ட நஞ்சானது. அதை மாற்ற வேண்டிய நுண்ணுயிர்களை அன்று காலையிலேயே நான் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன்.

இத்தகைய பழைய தொட்டி உங்களிடம் இருந்தால் முதலில் பி.எச்., அம்மோனியா இரண்டையும் சோதியுங்கள். பிறகு நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மீட்டெடுங்கள். உணவையும் பாதியாகக் குறையுங்கள்.

குளோரினா, குளோரமினா?

'ஒரு வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் போதும்' என்பது நம் தாத்தா காலத்து அறிவுரை. குளோரின் மட்டுமே கலந்த நீருக்கு அது பொருந்தும். மலேசியாவில் பெரும்பாலும் குளோரின்தான். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் பயன்படுத்துவது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இது எளிதில் ஆவியாகாது. செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடும். மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து தவிப்பது இதனாலும் இருக்கலாம். அப்போது தொட்டி முழுமைக்குமான அளவில் நீக்கியை ஊற்றிக் காற்றுக்குமிழைக் கூட்டுவதே முதலுதவி.

விலை மலிவான நீக்கிகள் பலவற்றில் சோடியம் தயோசல்பேட்டு மட்டும் இருக்கும். அது குளோரினை அழிக்கும். பிரிந்த அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடும். நுண்ணுயிர்கள் நலமாக உள்ள தொட்டியில் அந்தச் சிறு அளவு பெரிதன்று. புதிய தொட்டியிலும் என்னுடையதைப் போன்று அலசித் தீர்த்த தொட்டியிலும் அது பெரிது. ஆகவே அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் என்று சிட்டையில் எழுதியுள்ளதைப் பார்த்து வாங்குங்கள். நீரை வாளியில் பிடித்து நீக்கி கலந்தால் வாளியின் அளவுக்கு ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேரே தொட்டிக்கு விட்டால் தொட்டி முழுமைக்கும் கணக்கிடுங்கள். சொட்டுகளை எண்ணாமல் குத்துமதிப்பாக ஊற்றுவதுதான் நம்மிடையே வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன்.

இரண்டடி நீளமும் ஓரடி அகல உயரமும் உடைய தொட்டி ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும். வாரம் கால் பங்கு என்றால் 12 லிட்டர், பெரிய வாளி ஒன்று. பதினைந்து நிமிட வேலை. குளிர்சாதன அறையிலுள்ள தொட்டியானால் புதுநீரின் வெப்பத்தைக் கையால் தொட்டாவது ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பாகைக்கு மேல் வேறுபாடு வேண்டாம். லொங்காங்கில் பிடித்த கப்பிகள் இதையெல்லாம் ஓரளவு தாங்கும். டெட்ராக்கள் தாங்கா.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் நாளன்று நீர் மாற்றாதீர்கள். மூன்று நான்கு நாள் முன்பே மாற்றிவிடுங்கள். ஏதேனும் கோளாறென்றால் பார்க்க ஆள் இருக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் உணவுப் புட்டியை அப்படியே கொடுத்துவிடாமல், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுங்கள். என் அம்மா அன்புள்ளவர். மீனுக்கும் இரண்டாம் முறை பரிமாறுவார்.