ஒரு பிடி குழை: மிரண்ட மாட்டைப் பழக்குதல்

இடம்பெயர்ந்தபோது பலர் மாடுகளை அவிழ்த்துவிட்டே வந்தனர். உயிர்தப்பியவை கட்டாக்காலிகளாகத் திரிந்தன. அப்படித் திரிந்து மீண்ட மாடோ, புதிதாக வாங்கிய நாகோ, ஆளைக் கண்டதும் மிரளும், உதைக்கும். "நாலு அடி போட்டால் பணியும்" என்பார்கள். அடித்தால் பயமே கூடும். பயந்த மாடு, மடியில் பால் இருந்தும் இறக்காது. பாலை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய நட்டம். செலவில்லாத வழி ஒன்று உண்டு: நாளுக்கு ஒரு பிடி நல்ல தீன்.

எதைக் கொடுக்கலாம்?

முருங்கைக் குழை, அகத்திக் குழை, பூவரசங் குழை, வாழைப்பழத் தோல், சிறிது உப்புச் சேர்த்த தவிட்டு உருண்டை. வழக்கமான புல்லும் வைக்கோலும் குறையக்கூடாது. இது மேலதிகமாக ஒரு பிடி மட்டுமே.

எப்படிக் கொடுப்பது?

1. தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே குரலில் கூப்பிட்டுக் கொடுங்கள்.

2. முதலில் தீனை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மாடு உங்களைப் பார்த்தபடி தின்னப் பழகட்டும்.

3. வாலுக்குப் பின்னே நிற்பவர் மாட்டின் கண்ணில் படமாட்டார். ஆகவே தோள்பக்கமாக மெல்ல அணுகி, குழையின் நுனியை நீட்டுங்கள்.

4. கையிலிருந்து தின்னத் தொடங்கியதும் கழுத்தையும் தாடியையும் சொறிந்துவிடுங்கள். பின்னர் முதுகு, கடைசியாக மடி.

5. முட்டிக் கேட்டால் கொடாதீர்கள். அமைதியாக நிற்கும்போதே கொடுங்கள்.

சில மாடுகள் ஒரு கிழமையில் பழகும். சிலவற்றுக்கு மாதங்கள் செல்லும்.

மறக்கக் கூடாதது

தீனைக் காட்டி ஏமாற்றிப் பிடிக்காதீர்கள். குழையை நீட்டிக் கூப்பிட்டு, அதே கையால் ஊசிக்கோ குறிசுடவோ கட்டினால், அடுத்தநாள் அந்தக் குரலுக்கு மாடு வராது. நோகும் வேலைகளை வேறு இடத்தில், வேறொருவர் செய்யட்டும்.

கவனம்

● பட்டிப்பொங்கலன்று அன்பு மிகுதியால் சோறும் பொங்கலும் அள்ளி வைப்பதுண்டு. அவை இரைப்பையில் புளித்து அமிலமாகும், வயிறு ஊதும், மாடு இறக்கவும் கூடும்.

● பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டாம். அதன் நஞ்சு பாலிலும் சேரும்.

● பச்சை மரவள்ளி இலையில் நஞ்சுண்டு, கொடுக்க வேண்டாம்.

● முழு மாங்கொட்டை, சிறு கிழங்கு தொண்டையில் அடைக்கும். கொட்டையை நீக்குங்கள், கிழங்கை நீளவாக்கில் வெட்டுங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் மாடு யாரைக் கண்டால் மிரள்கிறது? ஏன்?

2. உங்கள் வேலியில் என்ன குழைகள் உண்டு? இல்லையெனில், வரும் மாரியில் எதை நடலாம்?

3. வீட்டில் தினமும் தவறாமல் ஒரு பிடி கொடுக்கக்கூடியவர் யார்?