முதல் லேப்டாப் கைக்கு வந்த பிள்ளைகளுக்கு

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு லேப்டாப் வாங்கிக் கொடுப்பது பல வீடுகளில் பெருஞ்செலவு. நகையை அடகு வைத்தோ தவணை போட்டோ வாங்குகிறார்கள். இப்போது வாங்கி வருவதில் பலவும் தொடுதிரை உள்ளவை. போனைத் தேய்த்துப் பழகிய கைக்கு அது உடனே பிடித்துப்போகிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தொடத் தெரிந்துவிட்டதால் லேப்டாப்பே தெரிந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் கீபோர்டில் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடுகிறவர்களையும், எழுதிய ஃபைல் எங்கே போனதென்று தெரியாமல் நிற்கிறவர்களையும் பார்த்து வருகிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் இவற்றைச் சொல்கிறேன். கடைகளில் அதிகம் கிடைப்பது விண்டோஸ் 11 என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

1. பெட்டியைப் பிரித்ததும் பில்லையும், லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் போனில் படம் எடுத்து அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அனுப்பி வையுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது பில்லின் எழுத்து மங்கிப்போயிருக்கும். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுங்கள், நல்ல வழக்கம். ஆனால் சந்தனமும் குங்குமமும் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கட்டும். திரையிலும் கீபோர்டிலும் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகளிலும் வேண்டாம். விபூதித் தூள் விசிறிக்குள் போனால் எளிதில் வெளியே வராது.

2. கடையிலேயே ஆன் செய்து எல்லாம் போட்டுத் தருகிறோம் என்பார்கள். பணிவாக வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல்முறை ஆன் செய்யும்போது விண்டோஸ் உங்களிடம் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அதில் உங்கள் மின்னஞ்சலும், வீட்டில் நிலையாக இருக்கும் ஒரு போன் நம்பரும் இருக்க வேண்டும். கடைக்காரத் தம்பியின் கணக்கு அதில் இருக்கவே கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? புதிய லேப்டாப்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தகவலை எல்லாம் தாமாகவே பூட்டி வைக்கின்றன. திருடு போனால் திருடனால் படிக்க முடியாது என்பது இதனால் வரும் நன்மை. ஆனால் மதர்போர்டை மாற்றினாலோ, சில அப்டேட்டுக்குப் பிறகோ, நீலத் திரையில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை அது கேட்கலாம். அந்தச் சாவி, முதலில் போட்ட கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது என்றே தெரியாவிட்டால் உங்கள் ப்ராஜெக்ட், படங்கள் எல்லாம் போனதுதான். மெக்கானிக்காலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த 48 இலக்கங்களைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

முதல் நாள் அப்டேட்டுகள் பெரிதாக இருக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் அன்றைய டேட்டா மொத்தமும் தீர்ந்துவிடும். வைஃபை இருக்கும் இடத்தில் சார்ஜரை மாட்டி வைத்துவிட்டு, அது முடியும் வரை மூடாமல் இருங்கள்.

3. திரையை அழுத்தாதீர்கள். தொட்டால் போதும். கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தி வலை ஒன்று பரவியிருக்கிறது. உடம்பு மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், விரல் பட்ட இடத்தில் அந்த வலையின் மின்புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. அழுத்துவதால் ஒரு பயனும் கிடையாது. நகத்தால் தட்டினால் அதற்குத் தெரியாது. ஈரக் கையோடு தொட்டால் குழம்பும்.

ஒருமுறை தட்டினால் மவுஸில் கிளிக் செய்வதற்குச் சமம். விரலை அப்படியே வைத்திருந்தால் மவுஸில் ரைட் கிளிக் செய்வதற்குச் சமம்; இது தெரியாமல் பல மாதம் ஓட்டுகிறவர்கள் உண்டு. மூன்று விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் திறந்திருக்கும் எல்லாம் ஒதுங்கி டெஸ்க்டாப் தெரியும். மேல்நோக்கி இழுத்தால் திறந்திருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரியும். வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் அறிவிப்புகள் வரும். ஒரு சாயங்காலம் போதும், இவை கைக்கு வந்துவிடும்.

ஆனால் எல்லா வேலையையும் விரலால் செய்யாதீர்கள். தொடுதிரை புதிதல்ல. இங்கிலாந்தில் மால்வெர்ன் என்னும் ஊரில் இருந்த ராடார் ஆய்வு நிலையத்தில் ஈ.ஏ. ஜான்சன் என்ற பொறியாளர் 1965-லேயே விரலால் தொடும் திரையைப் பற்றி எழுதிவிட்டார். 1983-ல் ஹெச்பி நிறுவனம் தொடுதிரை வைத்த மேசைக் கணினி ஒன்றை விற்பனைக்கே கொண்டுவந்தது. அப்படியும் மேசைக் கணினியில் தொடுதிரை பரவலாக நிலைக்கவில்லை. விலை ஒரு காரணம். இன்னொன்று, நேராக நிற்கும் திரையை நோக்கிக் கையைத் தூக்கிப் பிடித்தால் சில நிமிடத்திலேயே தோள் கடுக்கும். அந்தத் தோளும் கையும் இன்றும் மாறவில்லை. பக்கத்தை நகர்த்த, படத்தைப் பெரிதாக்க, திரையை மடக்கி வைத்துப் பாடம் படிக்க, பேனாவால் வரைய விரலும் தொடுதிரையும் நல்லவை. எழுதவும், கணக்குப் போடவும், நிரல் எழுதவும் கை கீபோர்டில்தான் இருக்க வேண்டும்.

4. சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் தொட்டுக்கொள்வது போல் ஆடுகிறதா? கைபட்டால் உடம்பில் சுருசுருவென்று ஏதோ ஓடுவது போல் இருக்கிறதா? லேப்டாப் கெட்டுவிட்டது என்று பயப்படுவதற்கு முன், வேறொரு வீட்டிலோ கல்லூரியிலோ நல்ல எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எர்த் இல்லாத பிளக்கும் மட்டமான சார்ஜரும் திரையின் மின்புலத்தில் இரைச்சலைக் கலந்துவிடுகின்றன. வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்ப்பது, லேப்டாப்புக்கு மட்டும் அல்ல, வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு. இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

5. மூடுவதற்கு முன் கீபோர்டின் மேல் ஒரு பார்வை பாருங்கள். இயர்போன், பென்டிரைவ், பேனா மூடி, இவற்றில் ஏதாவது ஒன்று கிடந்து அதன்மேல் மூடினால் திரை விரிசல் விட்டுவிடும். தொடுதிரையில் கண்ணாடியும் உள்திரையும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். மேல் கண்ணாடியை மட்டும் மாற்ற வழி இருக்காது, மொத்தமாக மாற்ற வேண்டும். சாதாரண வாரண்டி இதற்குச் செல்லாது. திறக்கும்போது மூலையைப் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறங்கள். திரையைப் பிடித்து லேப்டாப்பைத் தூக்கவே கூடாது.

துடைக்கும்போது அணைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் மெதுவாகத் துடையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் திரவம் ஆகாது.

6. கீபோர்டைப் பத்து விரலால் பழகுங்கள். நான் சொல்கிறவற்றில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த உங்கள் ஊர் அக்காக்கள், அண்ணன்களைப் பாருங்கள். கீபோர்டைப் பார்க்காமல் யோசிக்கும் வேகத்தில் எழுதுவார்கள். தினமும் அரைமணி நேரம் ஒதுக்கினால் சில மாதத்தில் உங்களுக்கும் வரும். எழுத்தைத் தேடும் வேலை ஒழிந்தால்தான் மனம் எழுதும் விஷயத்தில் நிற்கும்.

தமிழும் அதே மாதிரி. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து அதைத் தமிழாக மாற்றும் முறை போனுக்குப் போதும். பக்கம் பக்கமாக எழுதப் போகிறவர்கள் தமிழ்99 பழகுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை அது. பன்னிரண்டு உயிரெழுத்தும் இடக்கைப் பக்கம், பதினெட்டு மெய்வரிசையில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஷிஃப்ட் தேவைப்படுவது கிரந்த எழுத்துக்கும் இன்னும் சிலவற்றுக்கும்தான். ஒரே மெய்யை இரண்டுமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடும். 2019 முதல் விண்டோஸிலேயே அது இருக்கிறது, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறும்.

7. எழுதியது எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். போனில் ஃபைல் என்ற ஒன்றைப் பார்க்காமலே வளர்ந்தவர்கள் நீங்கள். படம் கேலரியில் இருக்கும், செய்தி வாட்ஸ்அப்பில் இருக்கும், அதற்கு மேல் கேள்வி எழுந்ததில்லை. இங்கே அப்படி இல்லை. நெட்டிலிருந்து இறங்குவதெல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவியும். நீங்கள் எழுதுவதை, நீங்கள் சொன்ன இடத்தில் லேப்டாப் சேமிக்கும். சொல்லாவிட்டால் அதற்குத் தோன்றிய இடத்தில் சேமிக்கும்.

டாக்குமென்ட்ஸில் செமஸ்டருக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் பாடத்துக்கு ஒன்று. ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது பாடமும் தேதியும் அதில் இருக்கட்டும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று வைத்தால் சமர்ப்பிக்கும் இரவில் எது எதென்று தெரியாது. எழுதும்போது பத்தி முடிந்ததும் கண்ட்ரோல் எஸ் தட்டுவது கைப்பழக்கம் ஆகட்டும்.

ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்பு பல லேப்டாப்களில் தானாகவே ஓடத் தொடங்கி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மேலே ஏற்றும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. நிரம்பியதும் காசு கேட்டு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்றையும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: அது பத்திரப் பெட்டி அல்ல, கண்ணாடி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இடம் போதவில்லை என்று லேப்டாப்பில் அழித்துவிட்டு, மேகத்தில் இருக்கும் என்று நம்பி அழுத பிள்ளைகள் உண்டு. ஒரு மாதத்துக்குள் அதன் ரீசைக்கிள் பின்னில் தேடினால் பெரும்பாலும் மீட்கலாம். முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ மாதம் ஒருமுறை நகல் எடுத்துவிடுங்கள்.

8. பேனா வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு எது பொருந்தும் என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். ஒரு லேப்டாப்பின் பேனா இன்னொன்றில் எழுதாமல் போகலாம், அவை பேசும் முறை வேறு. ரப்பர் நுனி வைத்த மலிவான பேனா எல்லாத் திரையிலும் வேலை செய்யும். ஆனால் அது விரலுக்குப் பதில் மட்டுமே. உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக் கணக்குப் போட, படம் வரைய மின்னணுப் பேனாதான் வேண்டும்.

9. மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டாதீர்கள், காற்றுத் துளை அடைபடும். பேட்டரிக்குச் சூடுதான் பெரிய பகை. பெரும்பாலும் சார்ஜரில் மாட்டியே வைத்திருப்பவர்கள், லேப்டாப்போடு வரும் செயலியில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டைப்-சி துளை என்பதற்காகப் போன் சார்ஜரை மாட்டினால் போதாது. பல லேப்டாப்களுக்கு 45 அல்லது 65 வாட் வேண்டும்.

10. எழுத்து சிறிதாகத் தெரிந்தால் கண்ணைச் சுருக்காதீர்கள். செட்டிங்ஸில் டிஸ்ப்ளேயில் ஸ்கேல் என்று இருப்பதை 125 அல்லது 150 ஆக்குங்கள். விரலால் தொடவும் வசதியாகும்.

11. நெட்டில் ஏதோ பார்க்கும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, 'வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று வரும். விரல் பதறி அதைத் தொடும். தொடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்படி ஒரு எண்ணைத் திரையில் காட்டிக் கூப்பிடச் சொல்லாது, தானாகப் போன் செய்யவும் செய்யாது. ஆல்ட்டும் எஃப் ஃபோரும் சேர்த்துத் தட்டி மூடுங்கள். மூடவில்லை என்றால் பவர் பொத்தானை அணையும் வரை அழுத்திப் பிடியுங்கள். போனில் யாரோ சொல்கிறார்கள் என்று, தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பார்க்கும் செயலி எதையும் போடக் கூடாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள். அது நம் நாட்டுச் சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

12. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், தொடாதே என்று விரட்டாதீர்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய் அவர்கள் பெயரில் தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். உங்கள் ஃபைல்கள் அவர்கள் கைக்குப் போகாது, அவர்களுக்கும் ஒரு இடம் கிடைக்கும். நீங்கள் வகுப்புக்குக் கிளம்பாத நாட்களில் ஒரு மணி நேரமாவது அவர்களும் உட்கார்ந்து கீபோர்டு பழகட்டும். அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.